நெல்லிக்கனி யாருக்கு?

திங்கள்கிழமை காலையில் வேங்கிக்காலில் நடைப்பயிற்சி போகிறவர்கள் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் அன்று மக்கள் குறைதீர்வு நாள். செங்கம், கலசபாக்கம், தண்டராம்பட்டு எனப் பல பக்கங்களிலிருந்தும் முதல் பேருந்தில் வந்திறங்கிய முதியவர்கள், மனு எழுதித் தருபவரைச் சுற்றி அமர்ந்திருப்பார்கள். கையில் மஞ்சள் பை. பைக்குள் ஆதார் அட்டை, குடும்ப அட்டை, கணவரின் இறப்புச் சான்றிதழ். அவர்களில் பலர் கேட்பது மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை. ஓய்வூதியம் பெறும் என்னைப் போன்றோருக்கும் ஆண்டுக்கொரு முறை ஒரு கடமை உண்டு. நாம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறோம் என்று அரசுக்கு மெய்ப்பிக்க வேண்டும். விரல் ரேகை வயதில் தேய்ந்துபோவதால், உயிர் இருந்தும் கருவி அதை ஒப்புக்கொள்ளாத நாள்களும் உண்டு.

இதே காலத்தில், சாகவே கூடாது என்பதை முழுநேர வேலையாகக் கொண்ட ஒருவர் அமெரிக்காவில் இருக்கிறார். பிரையன் ஜான்சன் என்ற அந்தத் தொழிலதிபர், பணப்பரிமாற்ற நிறுவனம் ஒன்றை பேபால் நிறுவனத்துக்கு விற்றுப் பெருஞ்செல்வர் ஆனவர். தம் உடலைக் காக்க ஆண்டுக்கு ஏறத்தாழ 20 லட்சம் டாலர் செலவிடுவதாகச் சொல்லப்படுபவர். 2023-இல் பதின்வயது மகனின் இரத்தப் பிளாஸ்மாவைத் தம் உடலில் ஏற்றிக்கொண்டார். பலன் தெரியவில்லை என்று பிறகு தாமே அதைக் கைவிட்டார். இச்செய்தியைப் படித்த நம்மவர் பலருக்கு மகாபாரதத்தின் யயாதி நினைவுக்கு வந்திருப்பான். சாபத்தால் முதுமை எய்தி, மகன் பூருவின் இளமையைக் கடனாகப் பெற்ற மன்னன் அவன். நம் மரபில் இதற்கு நேர் எதிரான கதையும் ஒன்று உண்டு. அது எங்கள் மாவட்டத்துக்கு மேற்கே, தகடூரில் நடந்தது. நெடுநாள் வாழவைக்கும் நெல்லிக்கனி கிடைத்தும், அதைத் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்த அதியமானின் கதை. முதல் கதையில் மூத்தவன் இளையவனிடமிருந்து ஆயுளை வாங்குகிறான். மற்றதில் அதிகாரம் உடையவன் ஆயுளைப் பிறருக்கு விட்டுக்கொடுக்கிறான். நீண்ட வாழ்வு பற்றிய இன்றைய விவாதம் முழுவதும் இவ்விரு கதைகளுக்கும் இடையில்தான் நடக்கிறது என்பது என் எண்ணம்.

முதலில், ஒன்றோடொன்று குழப்பப்படும் மூன்று செய்திகளைப் பிரித்துக்கொள்வோம். அகால மரணத்தைத் தடுப்பது ஒன்று. முதுமையைத் தள்ளிப்போடுவது வேறொன்று. சாவே இல்லாமல் இருப்பது முற்றிலும் வேறு.

முதலாவது பெருமளவு நடந்துவிட்டது. நாடு விடுதலை அடைந்தபோது இந்தியரின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 32 ஆண்டுகள். இன்று அது 70 ஆண்டுகளை ஒட்டி நிற்கிறது. தமிழ்நாட்டில் அதைவிடச் சற்றுக் கூடுதல். அக்காலத்தில் எல்லோரும் 32 வயதில் இறந்தார்கள் என்று இதற்குப் பொருளில்லை. வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் இதை விளக்க வேண்டியிருந்தது. அன்றும் எண்பது வயதுக் கிழவர்கள் இருந்தார்கள். தொட்டிலில் இறந்த குழந்தைகளே சராசரியைக் கீழே இழுத்தன. 1971-இல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 குழந்தைகள் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. 2020-இல் அது 28 ஆகக் குறைந்தது, தமிழ்நாட்டில் 13. தடுப்பூசி, குடிநீர், சத்துணவு, ஆரம்ப சுகாதார நிலையம், பெண்கல்வி ஆகியவைதாம் நமக்குக் கிடைத்த அமுதம். அதைக் கடைந்தெடுத்தவர்களில் பெரும்பாலோர் கிராம செவிலியர்கள்.

இந்த மாற்றத்தைக் கண்ணால் பார்க்க விரும்புவோர் மயிலாடுதுறைக்கு அருகே உள்ள திருக்கடையூருக்குப் போகலாம். பதினாறு வயதோடு முடியவேண்டிய மார்க்கண்டேயனின் ஆயுளுக்காகக் காலனைச் சிவன் உதைத்த தலம் அது. அறுபதாம் கல்யாணமும் எண்பது வயதின் சதாபிஷேகமும் அங்கே ஒரே நாளில் பல குடும்பங்களுக்கு நடக்கின்றன. என் அறுபதாம் கல்யாணத்தின்போது அர்ச்சகருக்காகக் காத்திருந்ததைவிடப் புகைப்படக்காரருக்காகக் காத்திருந்த நேரம் அதிகம். என் பாட்டனார் காலத்தில் எங்கள் ஊரில் அறுபதாம் கல்யாணம் என்பது ஊரே கூடிப் பார்த்த அதிசயம். இன்று அது அழைப்பிதழ்களில் ஒன்று. அங்கே கூடுவோர் எவரும் சாவாமையை வேண்டுவதில்லை என்பதையும் கவனித்தேன். பேரன் கல்யாணத்தைப் பார்க்க வேண்டும், படுத்த படுக்கையாகிவிடக் கூடாது என்ற இரண்டையும்தான் வேண்டுகிறார்கள்.

அந்த இரண்டாவது வேண்டுதலில்தான் இன்றைய சிக்கல் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் இந்தியரின் நலமான ஆயுள் 60 ஆண்டுகளை ஒட்டியே இருக்கிறது. சராசரி ஆயுளில் கடைசிப் பத்தாண்டுகள் நோயோடும் முடக்கத்தோடும் கழிகின்றன என்று இதற்குப் பொருள். ஆகவே முதுமையைத் தள்ளிப்போடும் ஆய்வைப் பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது.

முதுமை எப்படிச் செயல்படுகிறது என்பதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. 1825-இல் இலண்டனில் ஆயுள் காப்பீட்டுக் கணக்கராக இருந்த பெஞ்சமின் கோம்பெர்ட்ஸ், வயது வந்த பிறகு மனிதனின் மரண வாய்ப்பு ஒரே விகிதத்தில் பெருகிக்கொண்டே போகிறது என்று கண்டார். ஏறத்தாழ எட்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை அது இரட்டிப்பாகிறது. கூட்டு வட்டி கடன்காரனை அமுக்குவது போல முதுமை உடலை அமுக்குகிறது. இதனால் விளையும் வியப்பு ஒன்றுண்டு: புற்றுநோயை முழுவதுமாக ஒழித்தாலும் சராசரி ஆயுள் மூன்று ஆண்டுகள் அளவில்தான் கூடும். புற்றுநோயிலிருந்து தப்பியவரை இதயமோ மூளையோ அடுத்து வந்து பிடித்துக்கொள்ளும். ஆகவேதான் ஆய்வாளர்கள் ஒவ்வொரு நோயாகத் துரத்துவதை விட்டு, முதுமையின் வேகத்தையே குறைக்க முடியுமா என்று பார்க்கிறார்கள்.

நம் உயிரணுக்கள் எல்லையின்றிப் பிரிவதில்லை என்று 1961-இல் லெனார்டு ஹேஃப்ளிக் காட்டினார். ஏறத்தாழ ஐம்பது முறை பிரிந்ததும் அவை நின்றுவிடுகின்றன. நிற்க மறுக்கும் உயிரணு ஒன்று உண்டு. அதற்குப் பெயர் புற்று. 1951-இல் அமெரிக்காவில் 31 வயதில் கருப்பை வாய்ப் புற்றால் இறந்த ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற ஏழைக் கறுப்பினப் பெண்ணின் உயிரணுக்கள் இன்றும் உலகெங்கும் ஆய்வகங்களில் பெருகிக்கொண்டிருக்கின்றன. அவை அவருடைய ஒப்புதல் இன்றி எடுக்கப்பட்டவை. அவற்றை வைத்து நிறுவனங்கள் பொருளீட்டின. அவற்றுள் ஒன்று அவருடைய குடும்பத்தோடு உடன்பாட்டுக்கு வந்தது 2023-இல்தான். மனித உடலில் சாவாமை எய்திய ஒரே பகுதி அவளைக் கொன்ற பகுதி என்பதை எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பேச்சு நின்றுவிடுகிறது.

மருந்துகளில் நம்பிக்கை தருவது ராபமைசின். ஈஸ்டர் தீவின் மண்ணில் வாழும் நுண்ணுயிரியிலிருந்து கிடைத்த இப்பொருளைப் பிரித்தெடுத்தவர் கனடாவில் பணியாற்றிய சுரேந்திரநாத் சேகல் என்ற நம் துணைக்கண்டத்து விஞ்ஞானி. நிறுவனம் அந்த ஆய்வைக் கைவிட்டபோது, மாதிரியை வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்துக் காப்பாற்றியவர். 2009-இல் வெளியான ஆய்வில், முதிய எலிகளுக்கு இம்மருந்தைக் கொடுத்தபோதும் அவற்றின் ஆயுள் கூடியது. ஆனால் எலி மனிதன் அல்ல. சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்களின் எதிர்ப்பாற்றலை அடக்கத் தரப்படும் மருந்து இது; நலமாக இருப்பவர் ஆயுளுக்காக விழுங்கத் தக்கதல்ல. சிதம்பரத்தில் பிறந்து வேதியியலில் நோபல் பரிசு பெற்ற வெங்கி ராமகிருஷ்ணன், 2024-இல் மரணம் பற்றி எழுதிய நூலில் இந்த ஆய்வுகளை மதிப்போடு விளக்குகிறார்; சாவாமை வியாபாரிகளை ஐயத்தோடு பார்க்கிறார். அந்த நிதானம் நம் நாளேடுகளின் மருத்துவ விளம்பரங்களுக்கும் கொஞ்சம் வாய்த்தால் நல்லது. சித்தர் பெயரில் காயகல்பம் விற்பவர்களுக்கு எங்கள் கிரிவலப் பாதையில் பஞ்சமில்லை.

மனிதரில் ஐயமின்றி மிக நீண்ட நாள் வாழ்ந்ததாகப் பதிவானவர் பிரான்சின் ழான் கல்மான். 1997-இல் 122 வயதில் இறந்தார். பொருளியலாளர்களுக்குப் பிடித்த கதை ஒன்று அவரிடம் உண்டு. அவருக்கு 90 வயதானபோது வழக்கறிஞர் ஒருவர், கிழவி இருக்கும்வரை மாதந்தோறும் பணம் தருவது, இறந்த பின் அவருடைய வீட்டை எடுத்துக்கொள்வது என்று ஒப்பந்தம் செய்தார். முப்பது ஆண்டுகள் பணம் கட்டிவிட்டு வழக்கறிஞர் இறந்தார். அவர் மனைவி தொடர்ந்து கட்டினார்.

சாவாமை என்ற மூன்றாவது செய்திக்கு வருவோம். ஆங்கிலத் தத்துவ அறிஞர் பெர்னார்டு வில்லியம்ஸ் 1973-இல், முடிவில்லாத வாழ்வு சலிப்பில்தான் முடியும் என்று வாதிட்டார். மருந்தொன்றால் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து எதிலும் பற்றற்றுப்போன பாடகியைப் பற்றிய கரேல் சாபெக்கின் நாடகத்தை எடுத்துக்காட்டினார். நம் புராணமும் இதை அறியும். சிரஞ்சீவிகளின் வரிசையில் அசுவத்தாமன் இருக்கிறான். அவனுக்குச் சாவாமை வரமாக வரவில்லை, தண்டனையாக வந்தது. இருந்தாலும் வில்லியம்ஸின் வாதம் என்னை முழுமையாக ஏற்கச் செய்யவில்லை. சலிப்பு என்பது வயிறு நிறைந்தவரின் கவலை. எங்கள் தெருவில் நாற்பது ஆண்டுகள் கரும்பு வெட்டிய ஒருவர், இப்போதுதான் திண்ணையில் உட்கார நேரம் கிடைத்திருக்கிறது என்கிறார். அவரிடம் நீண்ட வாழ்வு சலித்துவிடும் என்று நான் சொன்னால், என் படிப்பின் மீது அவருக்குள்ள மதிப்பு குறைந்துவிடும்.

என் கவலை சலிப்பைப் பற்றியதன்று; பங்கீட்டைப் பற்றியது. மரணம் தனிமனிதருக்குத் துயரம். சமூகத்துக்கோ அது, எவரும் திட்டமிடாமல் நடக்கும் மறுபங்கீடு. பதவியும் நிலமும் நிதியும் கைமாறுகின்றன. ஒரு லட்சம் ரூபாய் 7 விழுக்காடு கூட்டு வட்டியில் நூறு ஆண்டுகளில் 8 கோடியே 67 லட்சம் ஆகிறது. சாகாத செல்வந்தர் ஒருவர் இருநூறு ஆண்டுகள் காத்திருந்தால் என்ன ஆகும் என்பதை வாசகரே பெருக்கிப் பார்க்கலாம். இந்தியாவில் 1953-இல் கொண்டுவந்த இறப்புச் சொத்து வரியை 1985-இல் நீக்கிவிட்டோம். அதன் உச்ச விகிதம் 85 விழுக்காடு வரை சென்றும், வசூல் மிகச் சொற்பமாகவே இருந்தது. நீக்கியதற்கு அதுவே காரணமாகச் சொல்லப்பட்டது. வரி போனது, மரணமாவது மிஞ்சியிருந்தது. அதையும் சிலர் விலைகொடுத்துத் தவிர்க்கும் காலம் வந்தால், பரம்பரைச் செல்வம் என்ற சொல்லே பொருளிழக்கும். பரம்பரை இராது, செல்வம் மட்டும் இருக்கும்.

சிறிய அளவில் இதைப் பார்த்துவிட்டோம். தமிழ்நாடு அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 2020-இல் 58-லிருந்து 59 ஆகவும், 2021-இல் 60 ஆகவும் உயர்ந்தது. கொரோனா கால நிதி நெருக்கடியில் அது புரிந்துகொள்ளத் தக்க முடிவே. நான் 58 வயதில் ஓய்வு பெற்றவன். இன்னும் இரண்டு ஆண்டுகள் கற்பித்திருக்க உடலிலும் மனத்திலும் தெம்பு இருந்தது. ஆனால் தேர்வாணையத் தேர்வுக்காக நூலகத்தில் அமர்ந்திருந்த என் மாணவர்களுக்கு அந்த இரண்டு ஆண்டுகள் வேறு விதமாக நீண்டன. ஒருவன் என்னிடம் கேட்டான், “ஐயா, வயது வரம்பு எங்களுக்கு மட்டும்தானா?” இரண்டு ஆண்டு நீட்டிப்புக்கே இக்கேள்வி எழுகிறது என்றால் இருபது ஆண்டு நீட்டிப்புக்கு என்ன விடை வைத்திருக்கிறோம்? கிரீஷ் கர்னாட் தம் முதல் நாடகங்களில் ஒன்றாக யயாதியை எழுதியபோது, தந்தைக்கு இளமையைக் கொடுத்த மகனின் இளம் மனைவியை மேடைக்குக் கொண்டுவந்தார். கொடுத்தவனைப் புகழும் மரபு, அவனுக்கு வாழ்க்கைப்பட்டவளைக் கேட்கவே இல்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் இரண்டுக்கும் கீழே போய்விட்டன. 2011 கணக்கெடுப்பில் 10.4 விழுக்காடாக இருந்த முதியோர், 2036-இல் ஐந்தில் ஒருவராக இருப்பார்கள் என்று மக்கள்தொகைக் கணிப்புகள் கூறுகின்றன. நீண்டு வாழ்வதற்கு நாம் ஆயத்தமாவதற்கு முன்பே நீண்டுவிட்டோம். முதியோர் மருத்துவத்தில் சென்னை நாட்டுக்கே முன்னோடி. அரசு பொது மருத்துவமனையில் 1978-இலேயே தனிப் பிரிவு தொடங்கியது. 2024-இல் கிண்டியில் தேசிய முதியோர் நல மையமும் திறக்கப்பட்டிருக்கிறது. தண்டராம்பட்டு மூதாட்டிக்கோ கிண்டி வெகு தூரம். அவர் கேட்கும் 1,200 ரூபாயில், 80 வயதுக்குக் குறைந்தவராயின், மத்திய அரசின் பங்கு 200 ரூபாய். பத்தாண்டுகளுக்கும் மேலாக அத்தொகை மாறவில்லை. முதுமையை நிறுத்த எவராலும் முடியவில்லை; முதியோர் உதவியை மட்டும் நிறுத்திவைக்க முடிந்திருக்கிறது. தென்மாவட்டச் சில ஊர்களில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து முதியவரை அனுப்பிவைக்கும் தலைக்கூத்தல் பற்றி அறிவோம். ‘பாரம்’ திரைப்படம் அதைத்தான் பேசியது. அது ஒரு கொலை. அதன் பின்னால் வறுமையும் பராமரிக்க ஆளில்லாமையும் இருக்கின்றன என்பதும் உண்மை.

சாவாமையை வெளிப்படையாகப் பேசிய தமிழர் வள்ளலார். மரணமில்லாப் பெருவாழ்வு என்பது அவர் வாழ்நாள் முழக்கம். 1874 ஜனவரி 30 அன்று மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் சென்று தாழிட்டுக்கொண்டார். அதன் பிறகு நடந்ததை நம்புவது, நம்பாதது அவரவர் விருப்பம். நான் கவனிப்பது அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன் நடந்ததை. 1867-இல் வடலூரில் அவர் தருமசாலையைத் தொடங்கி மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. சாவாமை பேசியவர், பசியால் யாரும் சாகக்கூடாது என்பதிலிருந்து தொடங்கினார். இன்றைய சாவாமை நிறுவனங்கள் வேறு முனையிலிருந்து தொடங்கியிருக்கின்றன.

எங்கள் ஊரில் இதற்கு வேறொரு விளக்கமும் உண்டு. பதினான்காம் நூற்றாண்டில் திருவண்ணாமலையைத் தளமாகக் கொண்டு ஆண்ட போசள மன்னன் வல்லாளனுக்குப் பிள்ளை இல்லை என்றும், அண்ணாமலையாரே பிள்ளையாக வந்து ஈமக்கடன் செய்தார் என்றும் தலபுராணம் சொல்கிறது. ஆண்டுதோறும் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டு ஆற்றங்கரையில் சாமியே வந்து மன்னனுக்குத் திதி கொடுக்கிறார். இறப்பில்லாதவர் இறந்தவனை நினைவில் வைத்திருக்கிறார். ஊர் அதைக் கூடி நின்று பார்க்கிறது.

பதினாறு வயதில் மதுரையில் மரண அச்சத்தை நேருக்கு நேர் சந்தித்து, 1896 செப்டம்பர் 1 அன்று இங்கு வந்து சேர்ந்த ரமணர், 1950 ஏப்ரல் 14 அன்று இங்கேயே மறைந்தார். இடக்கையில் வந்த புற்றுக்கட்டிக்குப் பல முறை அறுவை நடந்தது. கையை எடுத்துவிடலாம் என்று மருத்துவர்கள் சொன்னபோது அதை ஏற்கவில்லை. மருத்துவர்களை அவர் விரட்டவும் இல்லை. அன்பர்களின் மனநிறைவுக்காகப் பல வகைச் சிகிச்சைகளுக்கும் உடன்பட்டார். எது போதும் என்பதை மட்டும் தாமே சொன்னார். நான் ஆன்மிகவாதி அல்லன். ஆனாலும் ஒரு நோயாளி தன் எல்லையைத் தெளிந்த மனத்தோடு வகுத்துக்கொண்டதற்கு இதைவிட நல்ல சான்றை அறியேன்.

என் தந்தைக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. 84 வயதில் பக்கவாதம் தாக்கி, பெருநகர மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில் 19 நாள்கள் செயற்கைச் சுவாசத்தில் இருந்தார். குழாயைப் பிடுங்கிவிடாதபடி இரு கைகளையும் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். பொருளியலில் முனைவர் பட்டம் பெற்ற நான், அப்போது ஒரே ஒரு கணக்கைத்தான் போட்டேன்: நிறுத்தச் சொன்னால் உறவினர் என்ன சொல்வார்கள்? அந்த 19 நாள்களும் ஆயுள் நீட்டிப்பு என்றே புள்ளிவிவரத்தில் சேரும்.

2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, மீளாத நிலையில் உயிர்காப்புச் சிகிச்சையை மறுக்கும் உரிமை கண்ணியமாக வாழும் உரிமையின் பகுதியே என்று தீர்ப்பளித்தது. உணர்வோடு இருக்கும்போதே அதை முன்கூட்டி எழுதிவைக்கலாம். தொடக்கத்தில் நீதித்துறை நடுவர் முன் கையொப்பமிட வேண்டும் என்றிருந்த நடைமுறையை 2023 ஜனவரியில் எளிதாக்கினார்கள். இரண்டு சாட்சிகளும், நோட்டரி அல்லது பதிவுபெற்ற அலுவலர் ஒருவரின் சான்றும் போதும். ஆயுளை நீட்டும் தொழில்நுட்பம் வளர வளர, அதை எங்கே நிறுத்துவது என்று சொல்லும் உரிமையும் உடன் வளர வேண்டும். இல்லாவிட்டால் நீண்ட ஆயுள் என்பது நீண்ட கட்டிலாக முடியும். இப்படி ஓர் உரிமை இருப்பதே எங்கள் ஓய்வூதியர் சங்கக் கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை.

அதியமானிடம் இருந்தது ஒரே கனி. அதைப் பிளந்து பங்கிட முடியாது. யாருக்கு என்ற கேள்விக்கு அவன் தன்னைத் தவிர வேறொரு விடை கண்டான். நாளை ஆய்வகத்திலிருந்து கனி வருமானால் அது ஒன்றாக வராது, விலைச்சீட்டோடு வரும். தடுப்பூசியை எப்படி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனோமோ அப்படி அதையும் கொண்டுபோக முடியுமா என்பதைக் கனி வந்த பிறகு யோசித்தால் காலம் கடந்திருக்கும். முதுமையைத் தள்ளிப்போடும் ஆய்வுக்கு நம் அரசும் பல்கலைக்கழகங்களும் பொதுப்பணத்தைத் துணிந்து செலவிட வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். பொதுப்பணத்தில் விளைந்ததைப் பொதுவில் பங்கிடக் கேட்பது எளிது.

என் முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணத்தைச் சென்ற மாதம் தட்டச்சு செய்து முடித்தேன். பழைய சகாக்கள் இருவர் சாட்சியாக வரச் சம்மதித்திருக்கிறார்கள். எனக்கு நினைவு தப்பும்போது என் சார்பில் முடிவு சொல்ல வேண்டியவர் பெயரை எழுதும் இடம் மட்டும் காலியாக இருக்கிறது. பெங்களூரில் இருக்கும் மகன், “அப்பா, இதைப் போய் போனில் பேசுவார்களா” என்று சொல்லி வைத்துவிட்டான். மனைவி ஆவணத்தை முழுவதும் படித்தார். நல்லபடியாகத் தீபம் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி, பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்திருக்கிறார்.